நவம்பர் 26: நாற்பது வருட டைரியில் ஒரே ஒரு தேதி

25-11-2024, இரவு 9.15 (ஒரு வாசகரின் கேள்வி)

பன்னிரண்டு வருடமாக டைரி எழுதி வருகிறேன். நேற்று எல்லாவற்றையும் எடுத்து வைத்து, என் பிறந்த நாளன்று எழுதிய பக்கங்களை மட்டும் வரிசையாகப் படித்தேன். எல்லா வருடமும் ஒரே புலம்பல். உடம்பைக் குறைக்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும், விடியற்காலையில் எழ வேண்டும். மனிதன் மாறுவதே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. இந்த வருடத்தோடு எழுதுவதை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். வேறு யாராவது இப்படி ஒரே தேதியைப் பொறுக்கிப் படித்ததுண்டா?

26-11-2024, காலை 11.20

பிறந்த நாளை எடுத்ததுதான் பிசகு. பிறந்த நாளன்று யாரும் அந்த நாளை எழுதுவதில்லை. தீர்மானம் போட்டு, தனக்குத் தானே சொற்பொழிவு ஆற்றிக்கொள்கிறார்கள். புத்தாண்டு, கல்யாண நாள் எல்லாம் இதே ரகம். பன்னிரண்டு சொற்பொழிவுகளை அடுக்கினால் ஒரே சொற்பொழிவாகத்தான் கேட்கும்.

ஒன்றுமில்லாத ஒரு தேதியை எடுத்துப் பாருங்கள்.

எனக்கு டைரி 1984இல் ஆரம்பம். பட்டுக்கோட்டைப் பக்கம் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்த வருடம்; ஒரு ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த இலவச டைரி. 2022இல் ஓய்வு பெற்றும் எழுதுவதை விடவில்லை. இன்று வெளியே தலைகாட்ட முடியாத மழை. டெல்டா முழுக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை. இன்றைய தேதியையே எடுத்துப் பார்த்துவிடுகிறேன். பெட்டி பரணில் இருக்கிறது.

26-11-2024, மாலை 4.05

பெட்டி இறங்கியது. இடுப்பும் பிடித்துக்கொண்டது.

1984 முதல் 2023 வரை நாற்பது நவம்பர் 26. 1993 டைரி கரையானுக்குப் போய்விட்டது. எட்டு வருடம் வெறும் பக்கம். மீதி முப்பத்தொன்று. அவற்றில் மழை என்ற சொல் இருபத்திரண்டு தடவை, சளி பதினொரு தடவை, கஷாயம் ஒன்பது. அது கார்த்திகை 10 அல்லது 11ஆம் தேதி, வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் சமயம். என் ஆத்மாவைத் தேடிப் போனவனுக்குக் கிடைத்தது ஒரு மழைமானி.

கேள்வி கேட்டவருக்கு: மாறாமல் இருப்பது நீங்கள் இல்லை ஐயா, பருவம்தான்.

26-11-2024, இரவு 8.50

முன்பு எழுதியதில் ஒரு சேர்க்கை. பக்கங்களின் நீளம் ஏன் இப்படித் தாறுமாறாக இருக்கிறது என்று யோசித்தேன். மனநிலை, துக்கம், சந்தோஷம் என்றெல்லாம் காரணம் தேடினேன். கடைசியில் விஷயம் டைரி அச்சடித்தவர் கையில் இருந்தது. இலவச டைரிகளில் சனிக்கும் ஞாயிற்றுக்கும் சேர்த்து ஒரே பக்கம்தான். அதிலும் இராகு காலம், எமகண்டம், ஒரு குறள் எல்லாம் போக ஞாயிற்றுக்கு மிஞ்சுவது நாலு விரற்கடை. நவம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த வருடங்கள் ஆறு: 1989, 1995, 2000, 2006, 2017, 2023. அவற்றில் மூன்று:

1995: மழை. தூக்கம்.
2006: மழை. தூக்கம். கீரை வடை.
2017: மழை இல்லை. தூக்கமும் இல்லை.

இருபத்திரண்டு வருட முன்னேற்றம் இவ்வளவுதான்.

27-11-2024, காலை 7.30

வார நாட்கள் சிலவற்றை அப்படியே தருகிறேன். பெயர்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

1984: "வேலையில் சேர்ந்தபின் முதல் பெருமழை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். மெஸ்ஸில் ரசத்துக்கும் வாசலில் ஓடிய தண்ணீருக்கும் நிறத்தில்தான் வித்தியாசம்."

1987: "மூன்று தந்தி. இரண்டு சாவு, ஒரு ஆண் குழந்தை. குழந்தைத் தந்தியைத்தான் தபால்காரர் முதலில் கொண்டுபோனார். மழையில் சாவுத் தந்தியோடு போனால் தலை துவட்டக்கூடத் துண்டு தர மாட்டார்கள் என்றார்."

2016: "பழைய நோட்டு மாற்றுவது நின்று இரண்டு நாள் ஆகிறது. இன்று கூட்டம் இல்லை. தொண்டை கட்டியது இன்னும் விடவில்லை. ஒரு கிழவி வந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினாள். அரிசிப் பானையில் மறந்துவிட்டாளாம். அவளுக்குக் கணக்குக் கிடையாது."

அந்தக் கிழவிக்கு என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. பேரன் கணக்கில் போடச் சொல்லி அனுப்பினேனா, நானே என் கையிலிருந்து மாற்றிக் கொடுத்தேனா? இரண்டாவதைச் செய்ததாக நினைக்க ஆசை. அப்படிச் செய்திருந்தால் கட்டாயம் எழுதியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

2018: "கஜா புயல் அடித்துப் பத்தாவது நாள். மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர்காரரிடம் போனுக்குச் சார்ஜ் ஏற்ற வரிசை. கொல்லையில் பதினோரு தென்னையில் நிற்பது இரண்டு. அவை நிற்பதைப் பார்க்கத்தான் அதிகக் கஷ்டமாக இருக்கிறது."

2020: "நிவர் வடக்கே புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. இங்கே சாரல்கூட இல்லை. கஜாவை நினைத்து வாங்கி அடுக்கிய மெழுகுவத்தி மூன்று டஜன். வீட்டில் பேச்சு வாங்கினேன்."

27-11-2024, பகல் 1.10

ஐந்தாண்டு டைரி வாங்கலாமே, ஒரே பக்கத்தில் ஐந்து வருடத்து அதே தேதியும் வருமே, பெட்டியை இறக்க வேண்டியதில்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் எழுதினார். முதல் வருடம் "தலைவலி" என்று எழுதியிருந்தார். இரண்டாம் வருடம் எழுத உட்கார்ந்தால் கண்ணில் படுவது போன வருடத்துத் தலைவலி. "இன்று தலைவலி இல்லை" என்று எழுதினார். மூன்றாம் வருடம் "போன வருடம் போலவே." பழைய வரி புதிய வரிக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. என் வடைக்கும் தூக்கத்துக்கும் குறைந்தபட்சம் அந்தக் குற்றம் கிடையாது. 1995இல் எழுதியது 2006இல் எனக்குத் தெரியாது.

28-11-2024, காலை 9.00

2008ஐத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அன்று புதன்கிழமை. நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறியது மறுநாள் காலை. ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கு முன்பே வானம் கிழிந்துவிட்டது. அந்த வாரம் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தபால் பைகளை மேஜைமேல் ஏற்றிவிட்டு, மதியமே மின்சாரம் போன வீட்டுக்கு முழங்கால் தண்ணீரில் வந்து சேர்ந்தேன். இரவு பத்து மணிக்கு அரிக்கேன் விளக்கில் டிரான்சிஸ்டரைத் திருகினால் மும்பையில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி. வெளியே தவளைச் சத்தம், உள்ளே அந்தச் செய்தி. பதினாறு வருடமாக இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். டைரியிலும் இருக்கிறது: "மும்பையில் தீவிரவாதிகள் பத்துப் பேர் கடல்வழியாக வந்து தாக்குதல். தாஜ் ஓட்டல் எரிகிறது."

பெரிய நாளன்று நான் விழித்திருந்தேன் என்பதற்கு அத்தாட்சியாக இந்தப் பக்கத்தை வைத்திருக்கிறேன்.

29-11-2024, காலை 6.45

ஒருவர் ஒரே ஒரு வரி கேட்டிருக்கிறார்: "பத்துப் பேர் என்று அன்று இரவே எப்படித் தெரிந்தது?"

இரவெல்லாம் தூங்கவில்லை.

29-11-2024, பகல் 12.15

அவர் சொல்வது சரி. தாக்குதல் தொடங்கியதே இரவு ஒன்பதரை வாக்கில். பத்து மணிக்கு டில்லிக்கே ஒன்றும் புரிந்திருக்காது. வந்தவர்கள் பத்துப் பேர், படகில் வந்தார்கள் என்பதெல்லாம் தெளிவானது பிற்பாடு. என் வீட்டு டிரான்சிஸ்டருக்கு மட்டும் யார் சொன்னது?

பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்று வரி, பைகளை ஏற்றியது, தண்ணீர், மெழுகுவத்தி வரைக்கும் அலுவலகத்து நீல மை. ஈரம் பட்டுக் கலைந்திருக்கிறது. மும்பை வரிகள் கறுப்புப் பால்பாயிண்ட், கொஞ்சம்கூடக் கலையவில்லை. தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்து, பேப்பர் படித்து, டிவி பார்த்து, பிறகு வந்து சேர்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். நீல மை சொல்வது மெழுகுவத்தி. அரிக்கேன் எங்கிருந்து வந்தது? வாயால் சொல்லிச் சொல்லி நானே ஏற்றிய விளக்கு. டிரான்சிஸ்டரைப் பற்றி மேலும் யோசிக்கப் பயமாக இருக்கிறது.

தபால்காரன் செய்யக் கூடாத காரியம் இது. எங்கள் தொழிலில் காலையில் அலுவலகம் திறந்ததும் முதல் வேலை முத்திரையில் தேதி அச்சை மாற்றுவது. மாற்றி, அதற்கென்று இருக்கும் புத்தகத்தில் ஒரு குத்து குத்திச் சரிபார்த்த பிறகுதான் கடிதத்தைத் தொடலாம். கடந்துபோன தேதியைப் போட்டு ஒரு முத்திரை அடித்தால் வேலைக்கே உலை. முப்பத்தெட்டு வருடம் அந்த ஒழுக்கத்தோடு இருந்தவன், சொந்த டைரியில் கள்ள முத்திரை அடித்திருக்கிறேன்.

30-11-2024, மாலை 6.30

ஃபெங்கல் புதுச்சேரிப் பக்கம் கரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். இங்கே காற்று மட்டும்.

நேற்று என்னை நானே அதிகமாகத் திட்டிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நவம்பர் 26 எங்கே முடிகிறது என்பதிலேயே ஒற்றுமை கிடையாது. நள்ளிரவில் என்பது கடிகாரத்தின் கணக்கு. பஞ்சாங்கத்துக்கு மறுநாள் சூரிய உதயம்வரை அதே நாள்தான். வானிலைக்காரர்களுக்கு மழை நாள் காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் எட்டரைக்கு முடியும். அதனால்தான் பேப்பரில் 27ஆம் தேதி மழையளவு என்று வருவது பெரும்பாலும் 26ஆம் தேதி நாம் நனைந்த மழை. தபால் பெட்டியில் கடைசி எடுப்புக்குப் பிறகு விழுந்த கடிதத்துக்கு மறுநாள் முத்திரைதான். டைரி எழுதுகிறவனுக்கோ படுக்கும்வரை இன்று; தூக்கம் பிடிக்காவிட்டால் இரண்டு மணிக்கும் இன்று.

ஆனால் மூன்று நான்கு நாள் கழித்து எழுதியதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. எனவே திட்டு நிற்கிறது.

2-12-2024, காலை 10.00

டைரி எழுதுவதே வெள்ளைக்காரன் பழக்கம், நம்மிடம் ஏது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதியது என்னவாம்? வெள்ளைக்காரர் அலுவலகத்தைப் பார்த்து வந்த பழக்கமாக இருக்கலாம், அது வேறு விஷயம். எழுதிய கை நம்முடையது. தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை, அதோடு ஐரோப்பியத் தேதி, எல்லாம் போட்டு எழுதியவர். எங்கள் முத்திரைக்குக்கூட அவ்வளவு வக்கில்லை.

அவர் காலத்தில் என்னைப்போல் ஒருவன் "ஒரே தேதி" விளையாட்டு ஆடியிருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். பிரெஞ்சுக்காரர் அப்போதே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தார்கள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் கணக்கில் இருந்தார்கள். இடையே பதினோரு நாள். 1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்த தேதி வென்றவர்களுக்குச் செப்டம்பர் 21, தோற்றவர்களுக்குச் செப்டம்பர் 10. புதுச்சேரியில் நவம்பர் 26 என்றால் சென்னைக் கோட்டையில் நவம்பர் 15. கோட்டையிலிருந்து 20ஆம் தேதி போட்டு எழுதிய கடிதம் புதுச்சேரிக்கு அந்த ஊர்க் கணக்குப்படி டிசம்பரில்தான் வந்து சேரும். முத்திரைக் குமாஸ்தா என்ன பாடுபடுவான்!

4-12-2024, இரவு 10.20

மழை, சளி எல்லாம் எண்ணியவன் ஒன்றை எண்ணாமல் விட்டிருக்கிறேன். குடை.

1986: "தந்தையாருக்குப் புதுக் குடை வாங்கி மணியார்டர் குறுஞ்செய்தியில் தெரிவித்தேன்." (என் பணம் சேமிக்கும் புத்தி: கடிதத்துக்குத் தனியாகச் செலவு செய்யவில்லை.)
1994: "அப்பா குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டார். டிப்போ வரை போய் மீட்டேன். திட்டினேன்."
1997: "அப்பா வெளியே போவதில்லை. குடை கதவுக்குப் பின்னால்."
2000, ஞாயிறு: "அப்பா குடைக்குக் கம்பி மாற்றினேன். எட்டு ரூபாய்."
2007: "குடைத் துணி போய்விட்டது. கைப்பிடியை வைத்துக்கொண்டேன்."

அப்பா 1998 ஆடியில் இறந்தார். அது வேறு தேதி; இந்த வரிசையில் வராது. 1986இல் "தந்தையார்" என்று எழுதிய பையன் எட்டு வருடத்தில் "அப்பா" என்று இறங்கி வந்திருக்கிறான், திட்டும் அளவுக்கு. கைப்பிடி பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

7-12-2024, காலை 8.00

ஒரு அதிசயம். 2004 நவம்பர் 26 வெள்ளிக்கிழமை கார்த்திகை தீபம். 2023 நவம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையும் கார்த்திகை தீபம். முழுநிலவும் கிருத்திகையும் கூடி என் தேதியைத் தேடி வந்திருக்கின்றன. 2004 பக்கம் இந்த முப்பத்தொன்றில் எனக்கு மிகப் பிடித்தது: "வாசலில் இருபத்தேழு அகல் ஏற்றினோம். காற்றில் அணைய அணையச் சின்னவள் ஓடி ஓடி ஏற்றினாள். பொரி உருண்டையில் வெல்லப்பாகு முற்றிவிட்டது, பல் போகாதது அதிர்ஷ்டம்." என் டைரியில் இவ்வளவு உயிரோடு வேறு பக்கம் கிடையாது.

8-12-2024, காலை 9.40

அதிசயத்தைப் பஞ்சாங்கம் தெரிந்த ஒருவர் வந்து பத்து நிமிடத்தில் கலைத்துவிட்டார். பத்தொன்பது சூரிய வருடமும் 235 சந்திர மாதமும் இரண்டு மணி நேர வித்தியாசத்தில் ஒன்றாக முடியும். ஆகவே எந்த ஆங்கிலத் தேதியை எடுத்தாலும் பத்தொன்பது வருடம் கழித்து அதே திதி, அல்லது ஒரு நாள் முன்பின். 2004க்கும் 2023க்கும் இடையே பத்தொன்பது. இதில் என் தேதிக்கு ஒரு மகிமையும் இல்லை. அவரவர் தேதிக்கும் இதே மரியாதைதான்.

அப்படியானால் 2004க்கு முன்னால் 1985. ஆவலோடு எடுத்தேன். வெறும் பக்கம். ஓரத்தில் சலவைக் கணக்கு: வேட்டி மூன்று, சட்டை நான்கு.

13-12-2024, இரவு 9.30

இன்று தீபம். திருவண்ணாமலையில் மண் சரிந்ததால் இந்த வருடம் மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை, டிவியில்தான் பார்த்தோம். அகல் ஏற்றும்போது 2004 பக்கத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"நீங்கள் அன்றைக்கு ஊரிலேயே இல்லையே."

இருபத்தேழு அகல் என்று எழுதியிருக்கிறதே என்றேன்.

"இருபத்தேழுதான். நான்தான் உங்களிடம் போனில் சொன்னேன்."

15-12-2024, பகல் 3.00

வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது. என் பக்கம் நாற்பது வருட டைரி. அவள் பக்கம் அடுக்களைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர்கள். 1999 முதல் எல்லாவற்றையும் சுருட்டி மரப்பீரோவுக்குமேல் வைத்திருக்கிறாள். அதற்கு முந்தியவை பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டையாகப் போய்விட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் பொடி எழுத்தில் பால், கேஸ், சலவை, வேலைக்காரம்மா வராத நாள்.

2004 நவம்பர். 22ஆம் தேதி முதல் 27 வரை ஆறு கட்டத்திலும் பால் "அரை". மற்ற நாளெல்லாம் "ஒன்று". நான் ஊரில் இல்லாத நாளில்தான் அரை லிட்டர் வாங்குவாளாம்.

ஓடிப்போய் டைரியில் 25ஆம் தேதியைத் திருப்பினேன். "திருச்சி. கம்ப்யூட்டர் பயிற்சி நான்காம் நாள். லாட்ஜில் கொசு." 26ஐ மட்டும் பிடுங்கிப் படித்ததால் வந்த வினை. முதல் நாளே பக்கத்துப் பக்கத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கேள்வி கேட்டவருக்கு நான் அவ்வளவு தோரணையோடு சொன்ன யோசனையில் இப்படி ஒரு ஓட்டை. ஒரு தேதியை எடுத்தால் இரண்டு பக்கமும் ஒரு நாள் சேர்த்து எடுங்கள்.

16-12-2024, காலை 6.10

பொய்யா அது என்று கேட்கிறார்கள். 2008ஐப் போல இதற்கும் என்னைத் திட்டிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மை ஒன்றே, அன்றிரவே எழுதியதுதான். எஸ்.டி.டி. பூத்தில் நின்று அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு லாட்ஜுக்கு வந்து எழுதியிருக்கிறேன். "ஏற்றினார்கள்" என்று எழுத வேண்டிய இடத்தில் "ஏற்றினோம்." தமிழ் இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு, உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள். லாட்ஜில் தனியாகப் படுத்திருந்தவனை அந்த ஓகாரம் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. மும்பை வரியை நான் எனக்காகச் சேர்த்தேன். இது வேறு. எப்படி வேறு என்று சரியாகச் சொல்ல வரவில்லை.

பாகு முற்றியதும் உண்மையாம். பல் யாருக்கும் போகவில்லையாம். ஆனால் அந்த நகைச்சுவை என்னுடையது இல்லை, போனில் அவள் சொன்னது.

17-12-2024, இரவு 11.00

காலண்டர்களை விட முடியவில்லை. 2008 நவம்பரில் 26, 27, 28 மூன்று கட்டத்திலும் பாலுக்கு ஒரு கோடு. 2018இல் 16 முதல் மாத முடிவுவரை கோடு. 2011இல் ஒன்று கண்ணில் பட்டது. நவம்பர் 25 வரை பால் "ஒன்று". 26 சனிக்கிழமையிலிருந்து "முக்கால்." அதன்பின் மாதக்கணக்கில் முக்கால்தான். நான் ஊரில்தான் இருந்தேன்.

என் டைரியில் அதே தேதி: "பஸ் கட்டணம், பால் விலை உயர்வு பற்றியே அலுவலகத்தில் பேச்சு. அவரவர் புலம்பல். நமக்குச் சமாளிக்க முடிகிறது." அந்த மாத நடுவில்தான் இரண்டையும் ஒரே அறிவிப்பில் ஏற்றியிருந்தார்கள், பால் லிட்டருக்கு ஆறேகால் ரூபாய்.

கால் லிட்டர் எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"என் சாயங்காலக் காப்பி."

எப்போது மறுபடி ஆரம்பித்தாய் என்றேன்.

"எங்கே ஆரம்பித்தேன்? பழகிவிட்டது. பெரியவள் காலேஜுக்குப் பணம் கட்டிய வருடம் அது."

அவளுக்குச் சாயங்காலத்தில் காப்பி பிடிக்காது என்றுதான் பதின்மூன்று வருடமாக நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

18-12-2024, காலை 7.00

முந்தைய பதிவுக்குக் கீழே பலர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். பதில் எழுதத் தோன்றவில்லை. நேற்று மாலை இரண்டு டம்ளர் காப்பி போட்டேன். இனிப்பு அதிகம் என்றாள். முழுதும் குடித்தாள்.

19-12-2024, இரவு 8.15

இந்த வருடத்து டைரியை எழுத எடுத்து, பழக்கதோஷத்தில் நவம்பர் 26ஐத் திருப்பினேன். வெறும் பக்கம்.

அன்று காலை முதல் இரவுவரை நாற்பது வருடத்து 26ஆம் தேதிகளைப் பற்றி இங்கே எழுதிக்கொண்டிருந்தவன், அன்றைய 26ஐ எழுத மறந்திருக்கிறேன். ஒன்பதாவது வெறும் பக்கம். சிரிப்புத்தான் வந்தது.

இட்டு நிரப்பவா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். மழை பெய்தது தெரியும், பெட்டி இறக்கியது தெரியும். வேறு ஒன்றும் ஞாபகமில்லை. அவளிடம் போனேன். அடுக்களையில் நின்றபடியே காலண்டரின் ஒரு தாளைத் தூக்கி நவம்பரைப் பார்த்து வாசித்தாள். நான் எழுதிக்கொண்டேன்:

"பால் முக்கால். வேலைக்காரம்மா வரவில்லை, மழை. கேஸ் புக் செய்தது. இடுப்புத் தைலம் 85 ரூபாய்."

கீழே: எழுதியது 19-12-2024, காலண்டரைப் பார்த்து.